நாற்பத்தோராவது துண்டு

ஓல்த்து என்ற மலையூர்க்காரர்களுக்குக் கரிதான் பிழைப்பு. அந்த மலையைக் குடைந்தால் கறுப்புக் கல் கிடைக்கும். கல் என்று பேரே தவிர, கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் அழுந்திக் கிடந்த மரக்கரி அது. அதை உருட்டி, மெருகேற்றி, ஜெபமாலையாகக் கோர்த்து எர்ஸுரூம் தாஷ்ஹான் சந்தையில் விற்பார்கள். எங்கள் ஆய்வகத்து மூத்த மாணவர் துன்ஜாய் அண்ணனின் அப்பாவுக்கு அங்கே ஒரு கடை உண்டு. படிக்கட்டுக்கு அடியில், ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத கடை.

"எங்க அப்பா கரிய உருட்டுறாரு, நான் கரிய உரிக்கிறேன். குடும்பத் தொழில்டா இது" என்பார் அண்ணன்.

உரிப்பது உண்மைதான். பென்சில் முனையில் இருக்கிற கரியை ஓர் அணுவின் கனத்துக்கு உரித்தால் கிடைப்பது கிராபீன். அந்தத் தாள்களை மறுபடியும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுநடுவே கால்சியம் அணுக்களைப் புகுத்த வேண்டும். கால்சியம் தன் எலக்ட்ரான்களில் கொஞ்சத்தைக் கரிக்குக் கொடுத்துவிடும். கடும் குளிரில் அந்த எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்ளும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஆண்கள் விரல் கோர்த்து வரிசையாக ஆடும்போது ஒருவர்மேல் ஒருவர் இடிப்பதில்லை அல்லவா, அதுபோல அந்த ஜோடிகளும் எதிலும் முட்டாமல் ஓடும். மின்சாரத்துக்குத் தடையே இருக்காது. வெறும் கரித்தாள் மீகடத்தி ஆகிவிடும்.

சொல்வதற்கு நாலு வரி. துன்ஜாய் அண்ணன் ஏழு வருஷம் செய்தார்.

கால்சியத்தையும் லித்தியத்தையும் எஃகுக் குழாயில் போட்டு உருக்கி, கரித்துண்டை அதில் மூழ்கவைத்து, முந்நூற்றைம்பது டிகிரியில் பத்து நாள் அடுப்பில் வைப்பார். எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் நடக்கும். பெட்டி நிறைய ஆர்கான் வாயு. பக்கவாட்டில் பொருத்திய கனத்த ரப்பர் கையுறைக்குள் கையை விட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். காற்று துளி பட்டாலும் கால்சியம் சுண்ணாம்பாகிவிடும். சரியாக அமைந்துவிட்டால் கறுப்புத் துண்டு பொன்னிறமாக வெளியே வரும். நாற்பது துண்டு செய்திருந்தார். பாதி பொன்னாகவே ஆகவில்லை, மீதியில் சில வெடித்தன, சில ஹீலியம் வராததால் குளிரைப் பார்க்காமலே செத்தன. குளிரவைக்கும் திரவ ஹீலியம் எங்களுக்கு வருஷத்துக்கு இரண்டே குடுவை, அதுவும் தலைநகர் அங்காராவிலிருந்து லாரியில்.

ஆசிரியர்களை நாங்கள் ஹோஜா என்போம். எங்கள் பேராசிரியர் நெவ்ஸாத் ஹோஜா அந்தச் செத்த துண்டுகளைச் சின்னச் சின்ன கண்ணாடி ஜாடிகளில் போட்டு, எண் எழுதி ஒட்டி, ஆய்வகத்து ஜன்னலில் வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப் போவார்.

"வாங்க, நம்ம துன்ஜாயோட கல்லறைத் தோட்டத்தப் பாருங்க. ஒரு ஃபாத்திஹா ஓதிட்டுப் போங்க."

வந்தவர்கள் சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பார். நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு கருத்தரங்கில், அயலூர் ஆட்கள் முன்னால், ஹோஜா போட்டுக் காட்டிய வரைபடத்தில் அச்சு தலைகீழாக இருப்பதை அண்ணன் எழுந்து சொல்லிவிட்டார். அதற்கு அடுத்த வாரம்தான் முதல் ஜாடி வந்தது.

என்னையும் விருந்தாளிகளுக்கு அறிமுகம் செய்வார். "இவன் பெகிர். இவங்க ஊர்ல காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆளு. ஊரே நம்பிடுச்சு, ஆடுங்க மட்டும் இன்னும் நம்பல."

ஆடு மேய்த்தவன்தான் நான். இஸ்பிர் மலைக்கு மேலே முப்பது வீட்டு ஊர். அதை நானாகச் சொன்னால் பெருமை. அவர் வாயால் கேட்கும்போது காது மடல் எரியும். துன்ஜாய் அண்ணன் மட்டும்தான் அதற்குச் சிரித்ததில்லை.

விதி ஒன்று உண்டு. முனைவர் படிப்புக்கு வந்தவன் குறிப்பிட்ட காலத்துக்குள் ஆய்வை முடிக்கவில்லை என்றால் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள். அதோடு உதவி ஆய்வாளர் வேலையும் போகும், கட்டாய ராணுவ சேவையைத் தள்ளிப்போட வாங்கிவைத்த தவணையும் போகும். அண்ணனுக்கு இருந்த எல்லா நீட்டிப்பும் அந்த ஜனவரியோடு முடிந்தது. அப்போது அவருக்கு முப்பத்துநாலு வயது. மாதக் கடைசியில் மூன்று பேராசிரியர்கள் உட்காரும் குழு கூடும். அதற்குள் ஒரே ஒரு துண்டு, ஒரே ஒரு தடவை மீகடத்தியாகிக் காட்டவேண்டும். காட்டினால் டாக்டர். இல்லையென்றால் படிக்கட்டுக்கு அடியில் கடை.

நாற்பத்தோராவது துண்டு ஜனவரி பத்தாம் தேதி பொன்னாக வந்தது. முன்பு எதுவும் அப்படி வந்ததில்லை. முனைகூடக் கறுக்கவில்லை. ஹீலியம் பிரிவின் துர்முஷ் அண்ணன் பெட்டிக்கு வெளியே மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பத்தொண்ணா? நாப்பத்தோரு தடவ மாஷால்லாஹ் சொல்லுங்கடா, கண்ணு பட்டுறப் போகுது" என்றார். சொன்னதோடு விடாமல் எண்ணி எண்ணி நாற்பத்தொரு தடவை அவரே சொல்லியும் முடித்தார்.

அந்த வாரம்தான் என் அம்மா முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்க ஊரிலிருந்து வந்தாள். ஒரு மூட்டை பீன்ஸும், துணியில் சுற்றிய பாலாடைக்கட்டியும். நானும் அண்ணனும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். அம்மா அவர் முகத்தை ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள், மூன்றாம் நாள் என்னைச் சமையலறைக்கு இழுத்தாள்.

"அந்தப் புள்ள சோத்துல கைய வெச்சிக்கிட்டு செவுத்தப் பாக்குது. கண்ணுடா அது. சும்மா கண்ணு இல்ல, முத்துன கண்ணு. ஈயம் உருக்கி ஊத்திக் கழிக்கணும்."

"அம்மா, அவரு டாக்டருக்குப் படிக்கிறவரு."

"டாக்டருக்குக் கண்ணு படாதா? படிச்சவன் மேலதான்டா நல்லாப் படும். போ, எங்கேருந்தாவது காரீயம் கொண்டா. ஊர்லன்னா துப்பாக்கிக் குண்டு இருக்கும். இந்த ஊர்ல என்ன இருக்கு, வெறும் பனி!"

காரீயம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தொழிலில் காரீயம் ஒரு சாட்சி. அதுவும் ஒரு மீகடத்திதான். குளிரின் கடைசிப் புள்ளியான தனிச்சுழியத்துக்கு மேலே ஏழேகால் டிகிரியை நெருங்கும்போது அது மாறும், எந்த நாட்டில் அளந்தாலும் அதே இடம். அதனால் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு காரீயக் குண்டை உள்ளே போட்டு அளப்பது வழக்கம். எங்களிடம் இருந்தது கொண்டைக்கடலை அளவில் ஒரே ஒரு குண்டு. ஐந்து ஒன்பது சுத்தம், அதாவது லட்சத்தில் ஒரு பங்குதான் மாசு. மேசை இழுப்பறையில் ஒரு தகர டப்பாவில் கிடக்கும். அக்டோபரில் வந்த ஹீலியம் முழுவதும் அந்தக் குண்டை அளப்பதிலேயே தீர்ந்துபோனது. அளந்ததும் அண்ணன் குண்டை எடுத்து டப்பாவில் போட்டு, அது இருந்த நைலான் சிமிழைக் கழுவிக் காயவைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். இனி அடுத்த குடுவை வந்தால் நாற்பத்தோராவது துண்டைத்தான் அளக்கப்போகிறோம். குண்டுக்கு வேலை இல்லை. அங்காராவுக்கு எழுதினால் புதிது வரும். எடுத்துக்கொண்டு போனேன்.

செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகை முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே அம்மா அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு கால் வெள்ளைப் போர்வையைப் போர்த்தினாள். என்னிடம் தண்ணீர்ச் சட்டியைக் கொடுத்து அவர் தலைக்கு மேலே பிடிக்கச் சொன்னாள். இரும்புக் கரண்டியில் குண்டு உருகி, கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு உருண்டது.

"இத்தினூண்டா? இவ்வளவு பெரிய கண்ணுக்கு இது எந்த மூலைக்கு?" என்று அலுத்துக்கொண்டாள். "என் கையில்ல, நம்ம ஃபாத்திமா தாயோட கை" என்று முணுமுணுத்து ஊற்றினாள். தண்ணீர் சீறியது.

போர்வைக்குள்ளிருந்து அண்ணன் கேட்டார். "பெரியம்மா, ஈயம் ஏது?"

"பெகிருதான் அவன் பள்ளிக்கூடத்துலேர்ந்து கொண்டாந்தான், ராசா."

போர்வை குலுங்கியது. "டேய்! அந்தக் குண்டா? ஐந்து ஒன்பது குண்டா?"

"வேற வாங்கிக்கலாம் அண்ணே."

"இவ்வளவு சுத்தமான ஈயத்த சுல்தானுக்குக்கூட எவனும் ஊத்தியிருக்க மாட்டான்டா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் சட்டித் தண்ணீர் என் கையில் தளும்பியது. அவர் அந்த மாதத்தில் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

தலைக்கு, தொப்புளுக்கு, காலுக்கு என்று மூன்று தடவை அதையே திரும்பத் திரும்ப உருக்கி ஊற்றிய பிறகு, அம்மா தண்ணீரிலிருந்து ஈயத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் இரண்டு ஓட்டை.

"பாத்தியா, ரெண்டு கண்ணு. தொலைவுல ஒண்ணு, கிட்டத்துல ஒண்ணு."

அதைத் துணியில் முடிந்து, ரொட்டிக் கடை நாற்சந்தியில் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். வீசிய கையோடு பனி வாரும் வண்டி வந்ததாம். நல்ல சகுனம் என்றாள்.

ஹீலியம் வியாழக்கிழமை வந்தது. எர்ஸின்ஜான் கணவாயைப் பனி மூடியதில் லாரி ஒன்றரை நாள் நடுவழியில் நின்றுவிட்டது. குடுவையைத் தட்டி, காதை வைத்துக் கேட்ட துர்முஷ் அண்ணன் உதட்டைப் பிதுக்கினார்.

"பாதி ஆவியாயிடுச்சு, பாதிதான் இருக்கு. ஒரே இறக்கம். குளிர்ந்துச்சா, பாத்தமா, முடிஞ்சுதா. ரெண்டாவது தடவ கேட்டா நான் வெளிய போய்ப் பனியத்தான் அள்ளிட்டு வரணும்."

அண்ணன் கண்ணாடிப் பெட்டிக்குள் கை விட்டு நாற்பத்தோராவது துண்டைச் சிமிழுக்குள் வைத்தார். ஆடாமல் இருக்கப் பஞ்சை அடைத்தார். மூடியைத் திருகினார். வெள்ளைச் சிமிழ், உள்ளே இருப்பது வெளியே தெரியாது. சிமிழைக் கம்பி முனையில் பொருத்திக் கருவிக்குள் இறக்கினோம்.

இருபது டிகிரி. பதினைந்து. பத்து. திரையில் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. எட்டு. ஏழு. ஆறு புள்ளி ஒன்பதில் கோடு விழுந்தது. படியிலிருந்து கால் தவறினவன் விழுவதுபோல விழுந்தது.

"சரிஞ்சிடுச்சு!" என்று கத்தினார் துர்முஷ் அண்ணன். "சரிஞ்சிடுச்சு துன்ஜாய்!"

துன்ஜாய் அண்ணன் தரையில் உட்கார்ந்து, காலணியின் நாடாவை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அடுத்ததாகக் காந்தப் புலத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். எந்தப் புலத்தில் அந்த நிலை கலைகிறது என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஆனால் அதற்குள் குடுவை வறண்டது. கருவி சூடாகி ஏறும்போது கோடு அதே ஆறு புள்ளி ஒன்பதில் எழுந்து நின்றது. அந்த ஒரு தாளை அச்செடுத்தோம்.

குழு கூடியது அடுத்த செவ்வாய்க்கிழமை. நடுவில் நெவ்ஸாத் ஹோஜா. வலப்பக்கம் வேதியியல் துறையின் பெரிஹான் ஹோஜா, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு தேடுகிற அம்மாள். இடப்பக்கம் பொறியியலிலிருந்து வந்த ஒருவர். கடைசி வரை தன் கைபேசியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. நான் குறிப்பெடுக்க ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மேசையில் அந்தத் தாள், தேநீர், சிமிழ்.

ஹோஜா சர்க்கரைக் கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, தேநீரை உறிஞ்சிக்கொண்டு, தாளை வெகுநேரம் பார்த்தார்.

"காரீயம் எங்க மாறும், துன்ஜாய்?"

"ஏழு புள்ளி ரெண்டு, ஹோஜா."

"நம்ம கருவியில அக்டோபர்ல எவ்வளவு காட்டுச்சு?"

"ஏழு புள்ளி ஒண்ணு."

"உன் துண்டு?"

"ஆறு புள்ளி ஒன்பது."

"நம்ம வெப்பமானி எவ்வளவு பொய் சொல்லும்?"

அண்ணன் தயங்கினார். "ஒரு டிகிரியில பத்துல ரெண்டு, மூணு பங்கு."

"ஆக, இது காரீயம்."

"இல்ல ஹோஜா. சிமிழ்ல காரீயம் இல்ல. அக்டோபர்லயே எடுத்து..."

"அதே சிமிழ்தானே?"

"நம்மகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான்."

"கறுப்புக் கையுறை, வெள்ளைச் சிமிழ், உள்ள பஞ்சு. அக்டோபர்லேர்ந்து அடியில கெடந்த குண்டு மேல உன் துண்ட வெச்சிட்ட. நடக்கறதுதான், உலகம் பூரா நடக்கறதுதான்." கனிவாகத்தான் சொன்னார். "சரி, குண்டு டப்பாவுல இருந்தா நான் வாய மூடிக்கறேன். பெகிர், போய் அந்த டப்பாவ எடுத்துட்டு வா."

அண்ணன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எழுந்து போனேன்.

கூட்ட அறைக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே நாற்பது அடி நடைபாதை. டப்பா காலி என்று தெரிந்துதான் இழுப்பறையைத் திறந்தேன். தெரிந்துதான் கையில் எடுத்தேன். வரும் வழியில் சொல்லவேண்டிய வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன்: எங்க அம்மா அதைக் கண்ணேறு கழிக்க உருக்கி ஊத்திட்டாங்க. பெரிஹான் ஹோஜாவின் புருவம் ஏறுவது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது, ஹோஜா சர்க்கரையைக் கடிக்கும் சத்தமும் கேட்டது. அடுத்த விருந்தாளிக்கு என்னை எப்படி அறிமுகம் செய்வார் என்பதும் கேட்டது. ஆய்வகச் சொத்தை எடுத்தவன் என்று என் கோப்பில் ஒரு தாளும் ஏறும். என் அப்பா கைநாட்டு. என் பெயருக்குப் பின்னால் எழுத்து வந்தது எங்கள் வம்சத்தில் முதல் தடவை.

மேசையில் வைத்தேன்.

"திற" என்றார் ஹோஜா.

திறந்தேன். காலி. ஒரு கைபேசி எங்கோ அதிர்ந்தது.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "பெகிர், குண்டு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"சொல்லுப்பா" என்றார் ஹோஜா. "ஆடு தின்னுடுச்சா?"

பெரிஹான் ஹோஜா சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

"தெரியாது ஹோஜா" என்றேன். கேட்டவர் அண்ணன், நான் பதில் சொன்னது ஹோஜாவுக்கு.

அப்போது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான்: சிமிழைத் திறந்தால் உள்ளே குண்டு இல்லை என்பது தானே தெரிந்துவிடும், நான் வாய் திறந்து என்ன ஆகப்போகிறது? கணக்கு சரியாகத்தான் பட்டது.

அண்ணன் என்னை இன்னும் ஒரு வினாடி பார்த்தார். அவர் சொல்லியிருக்கலாம். என் அம்மாவின் பெயரை இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. ஹோஜா பக்கம் திரும்பி, "கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுத் திறக்கறேன். நீங்க மூணு பேரும் வெளியிலேர்ந்து பாருங்க" என்றார்.

"உள்ள இருக்கறது உன் கை. ஏழு வருஷமா அந்தக் கையுறைக்குள்ளயே இருக்கற கை. குண்டு பஞ்சுக்குள்ள போனா எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப பல் ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஒரு எக்ஸ்ரே. காரீயம் இருந்தா கறுப்பா பளிச்சுன்னு..."

"வெள்ளையா" என்று திருத்தினார் ஹோஜா. "படத்துல வெள்ளையா தெரியும். பதட்டப்படாத."

"எடுத்துப் பாக்கலாமே, நெவ்ஸாத் ஹோஜா" என்றார் பெரிஹான் ஹோஜா. "எதிர்த் தெருதானே?"

"பல் டாக்டர் முத்திரை போட்ட மீகடத்தி! ஆய்விதழுக்கு அனுப்புவோமா? சொத்தைப் பல் இல்லைன்னும் சேத்து எழுதித் தருவான்." அவர் சிமிழை விரலால் அண்ணன் பக்கம் தள்ளினார். "இங்க. மேசை மேல. எல்லாரும் பாக்க. நம்பிக்கை இருந்தா திற. இல்லைன்னா காரீயம்னு எழுதிடறேன்."

திறந்தால் துண்டு சாகும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். கைபேசிக்காரருக்கும் தெரிந்திருக்கும்.

அண்ணன் சிமிழை எடுத்தார். கட்டை விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி மூடியைத் திருகினார். பஞ்சை இடுக்கியால் இழுத்துப் பிரித்துக் காட்டினார். ஒன்றும் இல்லை. சிமிழைக் கவிழ்த்துத் தட்டினார். வெள்ளைத் தாளில் ஒரே ஒரு பொருள் விழுந்தது. சுண்டு விரல் நகம் அளவு, பொன்.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்று பெரிஹான் ஹோஜா குனிந்தார்.

அவர் குனிந்திருக்கும்போதே ஓரங்கள் மங்கின. புது நகையின் மேல் மூச்சுப் பட்டது மாதிரி ஒரு மூட்டம் வந்தது, அது போகவில்லை. பொன் பழுப்பானது, பழுப்பு சாம்பலானது. விளிம்பில் மாவு பூத்தது. தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. அண்ணன் இடுக்கியைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

ஹோஜா சர்க்கரையைக் கடித்தார்.

"சரி. காரீயம் இல்ல. குண்டு எங்கயோ தொலைஞ்சிருக்கு, பாவம், அது உன் தப்பில்ல. என் சந்தேகத்த வாபஸ் வாங்கிக்கறேன், குறிப்புல எழுது பெகிர். இப்ப இன்னொரு தடவ அளந்து காட்டிடு."

"எத ஹோஜா?"

"இதத்தான்."

"நெவ்ஸாத் ஹோஜா, அதுதான் போயிடுச்சே" என்றார் பெரிஹான் ஹோஜா.

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? ஒரு தடவ வந்தது, ஒரே தாளு, காந்தப் புலம் பாக்கல. திரும்பக் காட்ட முடியாதத நம்பி நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? நீங்க போடுவீங்களா?"

பெரிஹான் ஹோஜா தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினார். தாளைப் பார்த்தார். சாம்பலைப் பார்த்தார். "முறைப்படி பாத்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எந்த ஊர் ஆய்வகத்திலும் விதி அதுதான். நான் இன்று என் மாணவர்களுக்குச் சொல்வதும் அதுதான்.

மூன்று கையெழுத்து விழுந்தது. கைபேசிக்காரர் பேனாவை என்னிடம்தான் வாங்கினார்.

அண்ணன் வெள்ளைத் தாளை இரண்டாக மடித்து, அந்தச் சாம்பலை மடிப்புக்குள் திரட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். அலமாரியிலிருந்து ஒரு காலி ஜாடி எடுத்து, அதில் கொட்டி, நாற்பத்தொன்று என்று எழுதி ஒட்டி, ஜன்னல் வரிசையின் கடைசியில் வைத்தார். ஏற்கெனவே இருந்த ஜாடிகளோடு நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, விரல் அகலம் நகர்த்தினார்.

"அண்ணே" என்றேன்.

"பெரியம்மாவுக்கு முழங்கால் பரவால்லயா?" என்றார்.

அந்த வாரமே அறையைக் காலி செய்தார். பிப்ரவரியில் பதிவேட்டில் அவர் பெயரை அடித்தார்கள். வசந்தத்தில் சாரிகாமிஷுக்கு ராணுவ சேவைக்குப் போனார். அங்கே குளிருக்குப் பஞ்சமில்லை. "எங்க ஆயுசுல அவருக்குத்தான் ஹீலியம் இல்லாமலே குளிரு கெடைக்குது" என்றார் துர்முஷ் அண்ணன். அவர் அழுதுகொண்டுதான் அதைச் சொன்னார் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அக்டோபரில் புதுக் குடுவை வந்தது. கணவாய் திறந்திருந்ததால் தளும்பத் தளும்ப வந்தது. ஹோஜா என்னைக் கூப்பிட்டார்.

"துன்ஜாயோட குறிப்பேடு உன்கிட்டதானே இருக்கு? அந்த நாப்பத்தொண்ண வரிக்கு வரி அப்படியே செய்."

வரிக்கு வரி செய்தேன். அண்ணனின் எழுத்து குழந்தை எழுத்துபோல உருண்டை. எந்த இடத்தில் அடுப்பை ஒரு டிகிரி இறக்க வேண்டும், எந்த நேரத்தில் குழாயை உருட்டித் திருப்ப வேண்டும் என்று எல்லாம் இருந்தது. என் முதல் துண்டே பொன்னாக வந்தது. ஆறு புள்ளி ஒன்பதில் விழுந்தது. காந்தப் புலத்தையும் பார்த்தோம். காரீயத்தின் சாயலே இல்லை. மூன்று தடவை அளந்தோம், மூன்று தடவையும் வந்தது.

கட்டுரையில் என் பெயர் முதலில், ஹோஜா பெயர் அடுத்து. கடைசியில் ஹீலியத்துக்காகத் துர்முஷ் அண்ணனுக்கு நன்றி. துன்ஜாய் அண்ணன் பெயர் பற்றி நான் கேட்கத்தான் செய்தேன்.

"பதிவேட்டுல பேரில்லாதவன எந்த முகவரியில போடறது? தாஷ்ஹான், படிக்கட்டுக்கு அடியிலன்னா?" என்றார் ஹோஜா.

நான் மறுபடி கேட்கவில்லை.

ஒன்றரை வருஷத்தில் டாக்டர் ஆனேன். ஊரில் மேளமும் ஸுர்னா நாயனமும் வைத்து, இரண்டு கிடா வெட்டினார்கள். ஊர்த் தலைவர் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அப்பா என் பட்டச் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பெருமையாக இருந்தது. இன்றும் இருக்கிறது. அதை யாருக்காகவும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அம்மா மட்டும் கிடாக் கறி பரிமாறும்போது கேட்டாள். "அந்த ஓல்த்துப் புள்ள வரலியா? அதுக்கு ஊத்தினேனே, எறங்குச்சா இல்லியா?"

போன மாதம் அம்மா கறுப்பு ஜெபமாலை கேட்டாள் என்று தாஷ்ஹானுக்குப் போனேன். வேறு கடைகளும் இருக்கின்றன. கால் அந்தப் படிக்கட்டுப் பக்கம்தான் போனது. அண்ணன் குனிந்த வாக்கில் ஒரு வாடிக்கையாளருக்குக் கல்லின் தரம் காட்டிக்கொண்டிருந்தார்; மணியைக் கம்பளிச் சட்டையில் நாலு தேய் தேய்த்துக் காகிதத் துணுக்குக்கு மேல் பிடித்தார். காகிதம் தாவி ஒட்டிக்கொண்டது. "ஒரிஜினல், அய்யா. போலியா இருந்தா ஒட்டாது. எத்தனை தடவ வேணா தேய்ச்சுப் பாருங்க, திரும்பத் திரும்ப ஒட்டும்."

என்னைப் பார்த்ததும் முக்காலியை நகர்த்திப் போட்டார். "வாங்க டாக்டர். தல, தல! எல்லா டாக்டரும் இங்க ஒரு தடவ இடிச்சிப்பாங்க." நான் ஏற்கெனவே இடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு என்று சொன்னதும், முப்பத்துமூன்று மணி மாலை ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார்; ஒவ்வொரு மணியாக விரலில் உருட்டி, கீறல் இருந்த ஒன்றைக் கழற்றி வேறு கோர்த்தார். கையில் வெடிப்பு. கட்டை விரல் நகத்தில் கரி.

"கட்டுரையப் பாத்தேன்" என்றார், நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டே. "மூணு தடவ அளந்திருக்கீங்க. நல்ல வேலை."

"அண்ணே, அன்னிக்கு நான்..."

"பெரியம்மாகிட்ட சொல்லு" என்று குறுக்கே புகுந்தார். காகிதத்தில் மாலையைச் சுற்றி என் கையில் வைத்தார். "அவங்க ஊத்தினது நல்லா வேலை செஞ்சுதுன்னு சொல்லு. அதுக்கப்புறம் என் மேல எவன் கண்ணும் விழல. இங்க வந்து பாக்கறவனுக்கு, பொறாமைப்பட என்ன இருக்கு?"

அடுத்த வாடிக்கையாளர் குனிந்து உள்ளே வந்தார். அண்ணன் மணியை எடுத்துக் கம்பளியில் தேய்க்க ஆரம்பித்தார். நான் எழுந்தேன், இந்த முறையும் தலையை இடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.